கொழும்பில் இருக்கும் வீட்டுக்காரர்

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட வருஷம் பிச்சையா ஊர் திரும்பினார். பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. மளிகைக் கடை மச்சில் மூட்டைகளுக்கு நடுவே படுத்தே தலை நரைத்துவிட்டது. அங்கே பேச்சுத் துணைக்கு எலிதான் உண்டு. சேர்த்த காசுக்குப் பனங்காடு வாங்கு, உப்பளம் வாங்கு என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். பனைமரம் வாய் திறந்து பேசுமா? மனுஷன் போய் ஒரு வளவை வாங்கினார்.

தூத்துக்குடியில் மில்லுக்குப் போகிற வழியில், ஒரே முற்றத்தைச் சுற்றி நாலு ஓட்டு வீடுகள். மூன்றில் ஆள் இருந்தது.

"பெத்த பிள்ளை கைவிட்டாலும் கட்டடம் கைவிடாது அண்ணாச்சி. மாசம் பொறந்தா வாடகை தானா வந்து விழும்" என்று தரகன் சொரிமுத்து சத்தியம் பண்ணினான். அந்த நேரம் கிணற்றடியில் இரண்டு பெண்கள் வாளிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிச்சையா விழுந்தது அந்தச் சத்தத்தில்தான். வாடகையெல்லாம் அவருக்கு அப்புறம்.

பத்திரம் பதிந்த கையோடு சொரிமுத்துவைத் தனியே இழுத்தார்.

"வாங்கினது நான்னு மூச்சு விட்டுறாத. வீட்டுக்காரர் கொழும்புல இருக்காருன்னு சொல்லு. வாடகைய நீயே பிரிச்சுக் கொண்டா. காலியாக் கெடக்க வீட்டுல நானும் ஒரு குடியா இருந்துக்கிடுதேன்."

"கிறுக்கா புடிச்சிருக்கு உமக்கு?"

"வீட்டுக்காரன்னு தெரிஞ்சா எவம்லே மனசு விட்டுப் பேசுவான்?"

கொழும்பில் முதலாளி படியேறும் சத்தம் கேட்டால் கடை ஆட்கள் கப்சிப் ஆவார்கள். பிச்சையாவும் அப்படி வாயை மூடியவர்தான்.

குடிவந்த அன்றே பக்கத்து வீட்டுச் செல்லக்கனி எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் தோணியில் போகிறவன்.

"ஏ அண்ணாச்சி, ஒத்தையிலயா பொங்கிச் சாப்பிடுதிய? பாவம்லா!" என்று சாளை மீன் குழம்பைச் சட்டியோடு வைத்துவிட்டுப் போனாள். பிச்சையா சட்டியை வழித்துத் தின்றார்.

சாயங்காலமானால் முற்றத்தில் எல்லோரும் கூடுவார்கள். வீட்டுக்காரனை ஏசுவதுதான் முதல் வேலை.

"கொழும்புல சொகுசா கெடக்கான், கட்டையில போவான்! இங்கன எம்பிள்ள மேல ஒழுகுது" என்பாள் செல்லக்கனி.

"நாசமாப் போவான்!" என்று பிச்சையாவும் கூடச் சேர்ந்து ஏசுவார். ஏசிவிட்டு மறுநாளே சொரிமுத்துவிடம் சொல்லி ஓடு மாற்ற வைப்பார். வாழ்க்கையில் அப்படியொரு சந்தோஷத்தை அவர் கண்டதே இல்லை.

சொரிமுத்துவின் ஆசை எல்லாவற்றையும் கெடுத்தது. கொழும்பிலிருந்து ஓடி வந்த குடும்பம் ஒன்று இரட்டை வாடகை தருகிறேன் என்றது. மேல்காசைத் தன் மடியில் கட்டிக்கொள்ளலாமே! ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில் வந்து, செல்லக்கனியின் சட்டிபானைகளைத் தூக்கி முற்றத்தில் வைத்தான். அவள் புருஷன் கடலில் இருந்தான்.

"வீட்டுக்காரர் உத்தரவு. நான் என்ன செய்ய?"

செல்லக்கனி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிச்சையாவிடம் ஓடி வந்தாள். "நீங்களாவது சொல்லுங்க அண்ணாச்சி. இந்த மழையில நான் எங்கன போவேன்?"

"பொறுடே சொரிமுத்து. வீட்டுக்காரருக்கு நான் எழுதிக் கேக்கேன்" என்றார் பிச்சையா.

சொரிமுத்து சிரித்தான். இந்த மனுஷன் உண்மையைச் சொல்லமாட்டார் என்கிற தெம்பு. "குடியிருக்கவருக்கு இதுல என்ன வே பேச்சு?"

பிச்சையா முற்றத்தைப் பார்த்தார். அரிசிப் பானைக்குள் மழை விழுந்துகொண்டிருந்தது.

"ஏலே! எடுத்ததை எல்லாம் உள்ள கொண்டு வை. நாந்தாம்லே வீட்டுக்காரன்!"

சொரிமுத்து பானைகளை உள்ளே சுமந்தான். செல்லக்கனிக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. ஏசியதெல்லாம் நினைவுக்கு வர, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தெரியாமப் பேசிட்டேன் முதலாளி."

"அண்ணாச்சின்னே கூப்பிடு தாயீ."

"சரிங்க முதலாளி."

அன்று சாயங்காலம் அவர் முற்றத்துக்கு வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். யாரோ ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். உட்காரச் சொன்னார், ஒருவரும் உட்காரவில்லை. கொழும்புக் கதை ஒன்று சொன்னார். சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லோரும் மரியாதையாகச் சிரித்தார்கள். தூக்கம் வருகிறது என்று பொய் சொல்லி, உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

கொஞ்ச நேரத்தில் வெளியே செல்லக்கனி ஏதோ சொன்னாள். வளவே விழுந்து விழுந்து சிரித்தது. என்ன சொன்னாள் என்று கதவில் காதை வைத்துக் கேட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு தினமும் பொழுது சாய்ந்ததும் பிச்சையாதான் முதலில் கதவைச் சாத்துவார். அவர் சாத்தினால்தான் அவர்கள் பேசினார்கள்.