பாதிக்குப் பாதி

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஃபென்விக் தெருவில் ஒரு சின்ன ஊர்வலம் கிளம்பும். முன்னால் ஓடெல் பெட்வே தன் மோட்டார் சக்கர நாற்காலியில், சாலையின் ஓரத்தை ஒட்டிப் போவார். பின்னால் அவர் மனைவி ஷார்லீன், காரின் அபாய விளக்குகளை மினுக்கவிட்டபடி நடை வேகத்தில் ஓட்டி வருவார். அவருக்குப் பின்னால் வரும் வண்டிகள் ஹாரன் அடிக்கும், சில திட்டும். இடிக்கிறவர்கள் முதலில் தன் காரைத்தான் இடிக்க வேண்டும் என்பது ஷார்லீனின் ஏற்பாடு. ஓடெலும் காரிலேயே வரக்கூடாதா என்று கேட்பவர்கள் அந்த நாற்காலியைத் தூக்கிப் பார்த்ததில்லை.

ஃபென்விக் தெருவில் நடைபாதை கிடையாது. இருந்து இடிந்துபோகவில்லை, எப்போதுமே இருந்ததில்லை. எங்கள் கிளேபர்ன் நகரம் தெருத்தெருவாக நடைபாதை போட்டுக்கொண்டு வந்த காலத்தில், தண்டவாளத்தை எட்டியதும் நிறுத்திக்கொண்டது. தண்டவாளத்துக்குத் தெற்கே கறுப்பர்கள் குடியிருந்தார்கள். காரணம் அவ்வளவுதான். அதை மறைக்கக்கூட அன்று யாரும் மெனக்கெடவில்லை. பிறகு சட்டம் மாறியது, பேச்சு மாறியது, ஊரில் எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். நடைபாதை மட்டும் தண்டவாளத்தைத் தாண்டவில்லை.

அன்றைய ஊர்வலம் வீடு வந்து சேர்ந்தபோது வாசல் படியில் லமான்ட் பீஸ்லி உட்கார்ந்திருந்தார். ஷார்லீனின் அண்ணன். இதே தெற்குப் பக்கத்தில் பிறந்து, படித்து, நகராட்சியின் பட்ஜெட் அதிகாரியாக உயர்ந்தவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பர். இப்போது வீடு வடக்கே, மேட்டுப் பகுதியில். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு மட்டும் தங்கை வீட்டுக்குத் தவறாமல் வந்துவிடுவார்.

"என்ன மாப்ளே, இன்னைக்கு எத்தனை பேர் திட்டினாங்க?" என்றார் லமான்ட்.

"கூட்டம் கம்மி மச்சான். ஒருத்தன் மட்டும் இது என்ன உங்கப்பன் வீட்டு ரோடான்னு கேட்டான். எங்கப்பன் ரோடா இருந்தா இப்பிடியா வச்சிருப்பேன்னு சொன்னேன்," என்றார் ஓடெல்.

ஓடெல் நகராட்சிப் பேருந்து ஓட்டியவர். சர்க்கரை நோய் ஒரு காலை எடுத்துக்கொண்டது. வாயை மட்டும் அது ஒன்றும் செய்ய முடியவில்லை.

பொரித்த கோழியும், கீரையும், சோள ரொட்டியும் மேசைக்கு வந்தன. பட்ஜெட் போடும் காலம் என்பதால் பேச்சு தானாக அந்தப் பக்கம் திரும்பியது. நகரமன்றம் அந்த ஆண்டு ஒரு புது விதி கொண்டுவந்திருந்தது. பணம் கேட்கும் ஒவ்வொரு திட்டத்துக்கும், இதனால் எந்த மக்களுக்கு நன்மை, எந்த மக்கள்மேல் சுமை என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். இனமும் வசதியும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"நடைபாதைத் திட்டத்துக்கு என்ன எழுதினே?" என்று கேட்டார் ஷார்லீன்.

"எல்லாருக்கும் சமமா நன்மை, யாருக்கும் சுமை இல்லன்னு. உள்ளதுதானே? யார் வீட்டு வாசல்ல வேணும்னாலும் கேக்கலாம். வீட்டுக்காரர் பாதி போட்டா நகராட்சி பாதி போடும். கறுப்பா வெள்ளையான்னு அந்தத் திட்டம் பாக்கறதே இல்ல."

"அண்ணே, நீ மேட்டுல உன் வாசல்ல புதுசா போட்டியே. அதுல பாதி யார் காசு?"

"நகராட்சி காசு."

"நகராட்சிக்கு யார் குடுத்தா? நான் உப்பு வாங்கினாலும் சோப்பு வாங்கினாலும் வரி கட்டறேன். நீ நடக்கறதுக்கு நான் கட்டறேன், என் புருஷன் ரோட்டுல உருண்டு வர்றார். இதுதான் சமமா?"

"நீங்களும் விண்ணப்பம் போடலாமே!"

ஓடெல் சிரித்துவிட்டார். "மச்சான், இது வாடகை வீடு. சொந்தக்காரன் ஃப்ளோரிடாவுல வெயில் காயறான். ஒழுகற கூரைக்கே பணம் அனுப்பாதவன், நான் உருண்டு போறதுக்குப் பாதி போடுவானா? சரி, இந்தத் தெருவுல சொந்த வீடு வச்சிருக்கறவங்களை எடுத்துக்கோ. அந்தப் பாதி இருந்தா அவங்க முதல்ல பல் கட்டிக்குவாங்க."

லமான்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கெட்டவர் அல்ல என்பதை நான் சொல்லியாக வேண்டும். அவருக்குள் ஒரு பயம் இருந்தது. அந்தப் பதவிக்கு வந்த நாள் முதல் அவர் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு தாளையும் நாலு பேர் உற்றுப் பார்த்தார்கள். தன் இனத்தாருக்கு அள்ளிக் கொடுக்கிறான் என்ற ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்று, தெற்குப் பக்கம் எதைக் கேட்டாலும் மற்றவர்களைவிட ஒரு பிடி கூடுதலாக இறுக்கினார். அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை பட்ஜெட் பத்தி ஜனங்க கருத்து கேக்கற கூட்டம் இருக்கு. நான் வந்து பேசப் போறேன்," என்றார் ஓடெல்.

லமான்டின் முகம் மாறியது. "மாப்ளே, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதே. நீ பேசாதே."

"ஏன்?"

"நீ என் தங்கச்சி புருஷன்னு அங்க பாதிப் பேருக்குத் தெரியும். நானே ஏற்பாடு பண்ணி உன்னைப் பேச வச்சேன்னு சொல்லுவாங்க. இத்தனை வருஷமா நான் காப்பாத்தின பேர் ஒரு ராத்திரியில போயிடும்."

ஓடெல் மைத்துனரின் முகத்தைப் பார்த்தார். "சரி மச்சான். உன் வேலைக்கு என்னால ஆபத்து வேணாம். வாயத் தொறக்க மாட்டேன். வாக்கு," என்றார்.

வழக்கமாக அண்ணன் புறப்படும்போது மீந்த கோழியையும் ஒரு துண்டு இனிப்பையும் அலுமினியத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்து அனுப்புவார் ஷார்லீன். அன்று கொடுக்கவில்லை. வாசல்வரை வரவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை மழை பிடித்துக்கொண்டது. நகரமன்றக் கூடத்தில் மேட்டுப் பகுதிக்காரர்கள் முன்வரிசையை நிறைத்திருந்தார்கள். தெற்கிலிருந்து நாலைந்து பேர்தான். வேலை முடிந்து, பிள்ளைகளை யாரிடமாவது விட்டு, இரண்டு பேருந்து மாறி வர முடிந்தவர்கள் அவ்வளவு பேர்தான்.

நடைபாதைத் திட்டம் வந்ததும் முதலில் எழுந்தவர் டக்ளஸ் பிரென்டிஸ். ஓய்வுபெற்ற பல் மருத்துவர், மேட்டுப் பகுதி மக்களின் சங்கத் தலைவர். யாரையும் கடிந்து பேசாத மனிதர்.

"இது ரொம்ப நல்ல திட்டம். எங்க பக்கத்துல எல்லாத் தெருவும் முடிஞ்சிடுச்சு. பாதிக்குப் பாதின்னா ஜனங்களுக்கும் ஒரு பொறுப்பு வருது. அடுத்த வருஷம் சிமென்ட்டுக்குப் பதிலா செங்கல் பதிக்க அனுமதிச்சா தெரு இன்னும் லட்சணமா இருக்கும்," என்றார்.

மன்றத் தலைவர் இன்கிரிட் வாஸ்கோ நன்றி சொல்லிவிட்டு, லமான்ட் எழுதிய பதிலைச் சத்தமாகப் படித்தார். எல்லோருக்கும் சமமாக நன்மை, யாருக்கும் சுமை இல்லை. கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார்.

"மிஸ்டர் பீஸ்லி, தெற்குப் பக்கத்துலேருந்து இந்த வருஷம் எத்தனை பேர் கேட்டாங்க?"

"யாரும் கேக்கல மேடம்."

"போன வருஷம்?"

"யாருமில்ல. அங்கே தேவை பதிவாகலன்னு கீழே குறிச்சிருக்கேன்."

"அவங்களுக்கு அதுல அவ்வளவு ஆர்வம் இல்லன்னு நினைக்கிறேன்," என்றார் பிரென்டிஸ், உட்கார்ந்தபடியே, மிகவும் மென்மையாக. சிலர் தலையசைத்தார்கள். வெறுத்து வைதிருந்தால் யாராவது எதிர்த்திருப்பார்கள். இப்படி அன்பாகச் சொல்லும்போது கேட்பவருக்கும் அது உண்மை போலவே ஆகிவிடுகிறது.

அப்போதுதான் பின்கதவு திறந்தது. ஓடெல் உள்ளே வந்தார். தொப்பி, சட்டை, மடிமேல் போட்டிருந்த போர்வை எல்லாம் நனைந்திருந்தன. நாற்காலியின் சக்கரங்கள் பளபளத்த தரையில் சேற்றுக் கோடு போட்டுக்கொண்டு வந்தன. பின்னாலேயே ஷார்லீன், மடக்கிய குடையோடு. பேசக்கூடாது என்றுதான் அண்ணன் சொன்னார், போகக்கூடாது என்று சொல்லவில்லையே என்று அவர்தான் கணவரைக் கிளப்பிப் பேருந்தில் கூட்டி வந்திருந்தார்.

"வேற யாராவது பேசணுமா?" என்று கேட்டார் வாஸ்கோ.

ஓடெல் பேசவில்லை. கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு எதிரே இருந்த சுவரைப் பார்த்தார்.

"ஐயா, பின்னால இருக்கறவரே. இந்த மழையில இப்பிடி வந்திருக்கீங்க. இந்தத் திட்டம் பத்தி ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

"இல்லம்மா."

"ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கும்மா. ஆனா பேச மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன்."

"யாருக்கு?" என்றார் வாஸ்கோ.

ஓடெல் வாயைத் திறக்கவில்லை. லமான்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஒரு பார்வைகூட மைத்துனரைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

தேவை பதிவாகவில்லை என்று எழுதியவர் லமான்ட். தேவை உள்ள மனிதன் இதோ சொட்டச் சொட்ட நனைந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் வாயைக் கட்டியவரும் அவர்தான். இதுபோல எத்தனை வாய்களை யார் யாரோ கட்டி வைத்ததை, எத்தனை பட்ஜெட்டில் விருப்பமின்மை என்று எழுதியிருப்போம்! அவர் எழுந்து நின்றார்.

"எனக்குத்தான் மேடம். அவர் என் தங்கச்சி புருஷன். என் பேர் கெட்டுடும்னு நான்தான் பேச வேணாம்னு கேட்டேன்."

முன்வரிசையில் சலசலப்பு எழுந்தது. எதற்குப் பயந்து இத்தனை காலம் நெளிந்து நடந்தாரோ, அந்தச் சலசலப்பேதான். லமான்ட் அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"நான் எழுதின பதில் பொய். தெரிஞ்சு எழுதின பொய் இல்ல, யோசிக்காம எழுதினது. பாதி போட முடிஞ்சவனுக்குத்தான் நாம பாதி குடுக்கறோம். மேட்டுல என் வாசல்ல இருந்த நல்ல நடைபாதையை எடுத்துட்டு இன்னும் நல்லதாப் போட்டாங்க. இவர் தெருவுல முதல் கல்லே இன்னும் விழல. அன்னைக்கு இவங்க நிறத்தைப் பாத்து நிறுத்தினோம். இன்னைக்கு நிறத்தையே பாக்கலன்னு சொல்லிக்கிட்டு அதே இடத்துலதான் நிறுத்தி வச்சிருக்கோம். யாருக்கு நன்மைன்னு கேட்டீங்க. எனக்கு. யாருக்குச் சுமைன்னு கேட்டீங்க. அதோ உக்காந்திருக்காரு."

வாஸ்கோ சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்தார். உறவினர் சம்பந்தப்பட்டதால் அந்தத் திட்டத்திலிருந்து லமான்டை விலக்கி, அவருக்கு அடுத்த அதிகாரியிடம் கொடுத்தார். பாதிக்குப் பாதி என்ற நிபந்தனையைத் தெற்குப் பக்கத்துக்கு எடுத்துவிட்டு, நடைபாதையே இல்லாத தெருக்களுக்கு முதலில் பணம் ஒதுக்கும்படி திட்டத்தைத் திருத்தி எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று முன்மொழிந்தார். வாக்கெடுப்பில் அது நூலிழையில் நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்கியவர்களும் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் ஒரே விதி என்ற சொல் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருக்கிறது.

வெளியே மழை விட்டிருந்தது. பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் சரிவில் லமான்ட் நாற்காலியின் பக்கத்தில் நடந்தார். ஷார்லீன் இரண்டடி முன்னால் போனார். இன்னும் அண்ணனோடு பேசவில்லை, ஆனால் நடையை மெதுவாக்கியிருந்தார்.

"மாப்ளே, ஒண்ணு சொல்லணும். புதுத் திட்டத்துல உங்க தெரு முதல்ல வராது. ஹோப்வெல் தெருதான் முதல்ல வரும்."

"வரட்டுமே. அங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ரோட்டுலதான் நடக்குதுங்க. முதல்ல அங்கதான் போடணும்."



"என்மேல கோபமா?" என்றார் லமான்ட்.

"என்னைப் பேச வேணாம்னு சொன்னியே, அதுக்குக் கோபமில்ல. பயந்தவன் அப்பிடித்தான் சொல்லுவான்." ஓடெல் நாற்காலியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "நாங்க கேக்கலன்னதும் எங்களுக்கு வேணாம்னு எழுதிட்டே பாரு, அதுதான் மச்சான் தாங்க முடியல. கேக்காதவனுக்கு வேணாம்னு அர்த்தமில்ல. அவன் ஏன் கேக்கலன்னு தேடிப் போய் விசாரிக்கணும். ஊர்ப் பணத்தைப் பங்கு போடற உங்க ஆபீஸுக்கு அதுதான் முதல் வேலை."