நாற்பத்திரண்டு காலடி

மலை உச்சியில் சுரங்க அதிகாரிகளின் கல்லறைகள். பளிங்கு, இறக்கை முளைத்த சிலைகள், நூற்றைம்பது வருடத்துப் பெயர்கள், எல்லாவற்றின் மேலும் பாசி. அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். செத்தவர்களுக்கு எதற்கு அந்தக் காட்சி என்று யாரும் கேட்டதில்லை. பின்சரிவில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர்கள். கல் கிடையாது. மண்மேடு, மேலே புல். என் அம்மாவும் அங்கேதான்.

உச்சியைச் சுற்றுலா இடமாக்குகிறார்கள். பின்சரிவு கார் நிறுத்த. உறவுக்காரர் வந்து இடத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால் அந்தக் குழியை மட்டும் விட்டுவிடுவார்களாம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அந்த அறிவிப்பை டைப் அடித்ததே நான்தான். நகராட்சியில் தற்காலிக வேலை. எங்கள் வீட்டின் முதல் டிகிரி அதற்குத்தான் உதவியது.

வெள்ளி காலை அப்பாவைக் கூட்டிப்போனேன். இருபத்தாறு வருடம் அங்கே குழி வெட்டியவர். எழுதத் தெரியாது. உச்சி வாசலிலிருந்து எத்தனை காலடி என்று ஒவ்வொரு குழியையும் மனசில் வைத்திருப்பார்.

"உங்கம்மா நேரா நாப்பத்திரண்டு, இடப்பக்கம் பத்தொம்பது," என்று நடந்தார். முழங்கால் போனதிலிருந்து காலை இழுத்து இழுத்துத்தான் வைப்பார். எண்ணி முடித்து நின்றார். எதிரே பளிங்கு.

"அப்பா, இது தலைமை இன்ஜினியரு."

"அந்தாளு பக்கத்துல உங்கம்மா தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டாளே."

"உன் காலடி சுருங்கிப்போச்சுப்பா."

"அப்ப நீ நட. என் உசரம்தானே நீ."

நடந்தேன். ஒருதரம் ஒரு மேட்டில் முடிந்தது. மறுதரம் வேறொன்றில். அப்பா இரண்டையும் பார்த்தார். தலையாட்டவில்லை.

விடவேண்டிய குழிகளில் அடையாளக் குச்சி நட வந்திருந்த சர்வேயர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "படிச்ச பொண்ணு. பெத்த தாயி எங்க இருக்காங்கன்னு தெரியலையாம்மா?"

கோபம் வரவேண்டிய இடம்தான். வந்தது, ஆனால் யாரோ பக்கத்து வீட்டில் கத்துவதுபோல இருந்தது.

மேடுகளை எண்ணினேன். முப்பத்தொன்று. சுரங்கத்தை மூடியதும் மற்ற குடும்பங்கள் பிழைப்பைத் தேடிப் போய்விட்டன; கையெழுத்துப் போட ஆளில்லை. சர்வேயரிடம் படிவக் கட்டை வாங்கி, இன்ஜினியர் கல்லின்மேல் வைத்து எழுதத் தொடங்கினேன். இறந்தவர் என்ன உறவு: அம்மா. அடுத்ததிலும் அம்மா.

சர்வேயர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, முப்பத்தொரு அம்மாவா?"

"ஆமா சார். இதுல எது எங்கம்மா இல்லன்னு நீங்க காட்டுங்க, அடிச்சிடறேன்."

அவர் சரிவைப் பார்த்தார். "வண்டியில பன்னெண்டு குச்சிதான் இருக்கு," என்றார் கடைசியில்.

"மீதிய நான் வெட்டித் தரேன்," என்று அப்பா பக்கத்தில் வந்தார். என் காதருகே குனிந்தார். "பாதி ஆம்பளைங்கடி அதுல."

"இருக்கட்டும்ப்பா."

பதினேழாவதில் பேனா மை தீர்ந்தது. சர்வேயர் சட்டைப் பையிலிருந்ததைக் கேட்காமலே எடுத்தேன்.