பதினெட்டு நிமிடம்

பொறுமைக்கும் என் அண்ணனுக்கும் ஏழாம் பொருத்தம். எதையும் ஆறட்டும் என்று விடமாட்டான். காபியைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் ஊதுவான். கூட்டாளிகள் அவனுக்கு வைத்த பெயர் ‘அவசரம்’. அவன் பார்த்த வேலையோ பள்ளிப் பேருந்து ஓட்டுவது; நாள் முழுக்க நாற்பதைத் தாண்டக் கூடாது. அந்த எரிச்சலைத் தீர்த்துக்கொள்ளத்தான் பழைய டர்போ கார் ஒன்றை வாங்கினான். என்னைப் போல மெக்கானிக் தம்பி ஒருவன் சும்மா கிடைத்தால் யார்தான் வாங்கமாட்டார்கள்?

டர்போ, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கும். அழுத்தினால் காற்று சூடாகும். அதைக் குளிர வைக்கத்தான் இன்டர்கூலர். அந்தக் காரில் அது என்ஜினின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். ஓடும்போது எதிர்காற்று பட்டுக் குளிரும். நின்றால் போச்சு. கீழிருந்து வரும் சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, அடுப்பில் மறந்துவிட்ட வாணலி மாதிரி ஆகிவிடும். மறுபடி கிளம்பினால் வண்டி இழுக்காது.

அடியில் ஒரு சின்ன ஃபேன் வைத்தால் நிற்கும்போதும் சூடு இறங்கும் என்றேன். “பொம்மை ஃபேனா? பெரிய இன்டர்கூலரா வாங்கி முன்னால மாட்டுடா” என்றான். மாதக்கணக்கில் இதே பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைச்சாலைப் பந்தயத்துக்குப் போனோம். வரிசையில் நின்று நின்றே சூடேறி, எங்கள் வண்டி கடைசியாக மேலே வந்தது. நாலு பேர் முன்னால் அண்ணன், “இவன் கைவச்ச வண்டி வேற எப்படி இருக்கும்?” என்றான். என் வாயும் சும்மா இருக்கவில்லை.

“ஸ்கூல் பஸ் ஓட்டுறவனுக்கு எதுக்குடா டர்போ?”

அவனை நான் ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை. அன்றே அவன் எண்ணை என் போனில் தடுத்தும் வைத்தேன். நாலு மாதம் பேச்சில்லை. ஐந்தாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழவில்லை. அதிலும் அவசரம்.

மூன்று வாரம் அண்ணி எனக்கு முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்.

“அவரு போறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் உங்களைப் பாக்கத்தான் வந்தாரு தம்பி. நீங்க கதவே திறக்கலையாமே? திரும்பி வந்து சாப்பிடாமலே படுத்துட்டாரு. அப்படி என்ன வீம்பு உங்களுக்கு?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்கு நான் பட்டறையை விட்டு நகரவே இல்லை. வேறெங்கோ சுற்றிவிட்டு வந்து பழியை என் தலையில் போட்டிருக்கிறான் என்று, செத்தவன்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அண்ணன் வரலை அண்ணி. சாவி குடுங்க, காட்டுறேன்” என்றேன்.

காருக்குள் நான் பொருத்திய ஒரு சின்னப் பெட்டி இருந்தது. வேகம், தூரம், என்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு எல்லாவற்றையும் விநாடிக்கு விநாடி பதிந்து வைக்கும். அவன் இருக்கையில் உட்கார்ந்து மடிக்கணினியை இணைத்தேன். இருக்கை அவன் உயரத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தது. நான் அதை நகர்த்தவில்லை.

கடைசிப் பதிவு வியாழன் மாலை ஐந்தே கால். போக ஒன்பது கிலோமீட்டர் நானூறு மீட்டர், வர அதே அளவு. அவன் வீட்டிலிருந்து என் பட்டறைக்கு அதே தூரம். போன ஓட்டத்தின் கடைசியில் வேகம் மூன்று தடவை விழுந்து எழுந்திருந்தது. என் தெருமுனையில் மூன்று வேகத்தடைகள் உண்டு. அப்புறம் வேகம் பூஜ்யம்.

என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காற்றின் சூடு நாற்பத்தொன்று, ஐம்பது, அறுபத்துமூன்று என்று ஏறி, அறுபத்தெட்டைத் தொட்டது. பிறகு, வண்டி அசையாமலே, அது இறங்கத் தொடங்கியது. அறுபது. ஐம்பத்துமூன்று.

நின்ற வண்டியில் சூடு தானாக இறங்காது. இறங்கிப்போய் பானெட்டைத் திறந்தேன். இன்டர்கூலருக்கு அடியில் ஒரு சின்ன ஃபேன். ஒயரைக் கோணல்மாணலாக இழுத்து, மஞ்சள் டேப் சுற்றி வைத்திருந்தான். என்னைக் கேட்டிருந்தால் ஒழுங்காகச் செய்து தந்திருப்பேன்.

அதைக் காட்டத்தான் வந்திருக்கிறான். வேண்டுமென்றே சூடேற விட்டு, பிறகு ஃபேனைப் போட்டு, நீ சொன்னது சரிதான்டா என்று காட்ட. என் பட்டறை ஷட்டர் உள்ளிருந்துதான் திறக்கும். அவன் வந்தால் இரண்டு ஹாரன் அடிப்பான், நான் தூக்குவேன். இறங்கி வந்து தட்டியிருக்கலாம். நாலு மாதம் பேசாதவன் எப்படித் தட்டுவான்? நானோ உள்ளே பெரிய புளோயரைப் போட்டு, ஒரு லாரி ரேடியேட்டரின் தூசியை ஊதிக்கொண்டிருந்தேன். இடி விழுந்திருந்தாலும் கேட்டிருக்காது.

“என்ன தம்பி, வரலைதானே?” அண்ணி பின்னால் வந்து நின்றிருந்தாள். குரல் இறங்கிப்போயிருந்தது. “என்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும் அவரு?”

திரையில் இருப்பது அவளுக்கு வெறும் எண்கள். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும், நான் தப்பித்துவிடுவேன். அண்ணன் பொய்யனாவான், அவ்வளவுதான். செத்தவனுக்கு அதில் என்ன நஷ்டம்?

“வந்திருக்காரு அண்ணி” என்றேன்.

அவள் படியில் உட்கார்ந்தாள். “எவ்வளவு நேரம் நின்னாரு?”

“பதினெட்டு நிமிஷம்.”

“பால் பொங்குற வரைக்கும்கூட நிக்க மாட்டாரே” என்றாள். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. பானெட்டைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

“உள்ள மெஷின் ஓடிச்சு அண்ணி. சத்தியமா எனக்குக் கேக்கலை.”

அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எழுந்து வந்து, அந்த ஃபேனின் மஞ்சள் டேப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ஹாரன் அடிச்சாரான்னு அதுல தெரியுமா?”

“தெரியாது அண்ணி.”

“அடிச்சிருப்பாரு” என்றாள்.