பிடரியில் மஞ்சள்

பாயா ரும்புட் சாலையில் பை பறிபோய் நான்கு நாட்களாகியும் நர்ஸ் தாட்சாயினிக்கு அந்த நிமிடம் முழுதாகத் திரும்பவில்லை. சாலை தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் தெரியும். மோட்டார் சைக்கிள் ஓசையின்றி மிதந்து வரும். மஞ்சள் காப்புக் கயிறு கட்டிய ஒரு கை நெருங்கும். பிறகு வெறும் வெள்ளை.

அந்தக் கையைத்தான் போலீசிடம் சொன்னாள். கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த, அதே சாலையோரம் பீசாங் கோரேங் எனும் பொரித்த வாழைப்பழம் விற்கும் காளிமுத்துவை அன்றே பிடித்துவிட்டார்கள். விழுந்தவளைத் தூக்கிவிட்டதாக அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. நாளை அவள் அடையாளம் காட்டிக் கையெழுத்திட வேண்டும்.

"கார் சாவி தேடுறியா? ஃப்ரிஜ்ல, நீ வச்ச மாதிரியே முட்டைக்குப் பக்கத்துல பத்திரமா இருக்கு லா," என்றான் கணவன் நகுலன்.

"சிரிக்காதீங்க. பயத்துல மூளை ஒண்ண மட்டும் கெட்டியா புடிச்சிக்கிட்டு மத்தத விட்டுருமாம். நல்லா தூங்குனா கொஞ்சங்கொஞ்சமா தெளியும்னு டாக்டர் சொன்னாரு."

"அப்ப போய்த் தூங்கு. சாவி ஓடிப்போகாது."

மழை பெய்த அந்தப் பிற்பகலில்தான் பை பறிபோன பின் முதன்முறையாக நன்றாக உறங்கினாள். சாலை மறுபடி வந்தது. பையை இழுத்த கையில் கறுப்புக் கையுறை. அவள் மெதுவாக, இலைபோல் விழுந்தாள். அதற்கப்புறம்தான் மஞ்சள் கயிற்றுக் கை, பொரித்த எண்ணெய் வாசனையோடு வந்து பிடரிக்கடியில் நுழைந்து தலையைத் தாங்கியது.

"கண்ணத் தொறங்க மிஸி."

நர்ஸ்களை ஊரார் அழைக்கும் அந்த ‘மிஸி’ காதில் ஒலிக்க விழித்தாள். நினைவா, கனவா? பார்க்கப் பயந்து மூட்டைகட்டிப் போட்டிருந்த வெள்ளைச் சீருடையைப் பிரித்தாள். காலரின் பின்பக்கம், விரல் அகலத்துக்கு மஞ்சள் கறை.

"பையைப் புடுங்குறவன் பிடரியை எதுக்குத் தாங்குறான்?"

நகுலன் உடனே போய், சில்லிட்ட சாவியை எடுத்துவந்தான்.

ஸ்டேஷனில் முந்தைய வாக்குமூலம் தவறென்று எழுதிக் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் கறையை நெடுநேரம் பார்த்தார். மாலையில் காளிமுத்து வெளியே வந்தார். மணிக்கட்டில் காப்பு வெளுத்திருந்தது.

"மன்னிச்சிருங்கண்ணே."

"நாலு நாளா ஒண்ணுதான் யோசிச்சேன் மிஸி. இனிமே ரோட்ல யாராச்சும் விழுந்து கெடந்தா தூக்கலாமா, வேணாமா?"

"என்ன முடிவு பண்ணீங்க?"

அவர் பார்வை அவள் பிடரிக்குப் போனது. ஈரச் சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"கழுத்து வலி போச்சா மிஸி?" என்றார்.