அம்மா லட்டு கேட்ட நாள்

அம்மாவுக்குச் சீனி வியாதி என்பது எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அது பொய் என்பது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அப்பா இறந்த மறு வருடம் அவளுக்கும் எச்.ஐ.வி. இருப்பது உறுதியானது. தினமும் இரவு எட்டு மணிக்கு மாத்திரை. மாதம் ஒரு நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரி. இரண்டுக்கும் காரணம் சொல்ல வேண்டியிருந்ததால் சீனி என்றோம். சொன்னதற்கேற்ப, பதினொரு வருடமாக எந்த வீட்டிலும் அவள் சீனி போடாத தேத்தண்ணிதான் குடித்தாள். விசேஷ வீட்டில் இனிப்பைத் தொடமாட்டாள்.

போன ஆடியிலிருந்து அவள் மறக்கத் தொடங்கினாள். அல்லது அப்போதுதான் நான் கவனித்தேன்; உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அடுப்பில் வைத்த சோறு இருமுறை கரிந்தது. பந்தலூரில் மாலை வகுப்பு முடிந்து நான் வந்ததும், மாத்திரை போட்டேனா என்று என்னையே கேட்டாள். நாள்வாரியாக எழுதிவைத்தேன். திருப்பிப் படித்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. யார் வீட்டில்தான் சோறு கரியவில்லை?

டாக்டரிடம் சொல்லலாம் என்றபோது அம்மா தடுத்தாள். தேயிலை விலை விழுந்ததிலிருந்து எஸ்டேட்டில் வாரம் நான்கு நாள்தான் வேலை. யாரை நிறுத்தலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரிசோதனை என்றால் இன்னொரு லீவு. மறதிக்காரி என்று தெரிந்தால் முதலில் அவளைத்தான் நிறுத்துவார்கள். நானும் விட்டுவிட்டேன். பயம் அவளுக்கு மட்டும் இல்லை.

கார்த்திகையில் பக்கத்து வீட்டு வேலாமணி அத்தையின் மகளுக்குச் சடங்கு. பந்தியில் அத்தை வழக்கம்போல அம்மாவின் இலையைத் தாண்டி லட்டு வைத்துக்கொண்டு போனார். அம்மா அவர் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"எனக்கு எங்கடி?"

"ஒனக்கு வச்சா டாக்டரு என்னையத்தான் கட்டிவச்சு அடிப்பாரு. சீனிக்கார அக்காவுக்கு ஆசையப் பாரு."

"யாருக்குடி சீனி? எனக்கு ஒரு வியாதியும் இல்ல. வையி."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. விளையாடுகிறாளோ என்று அவள் முகத்தையே பார்த்தேன். அவள் என்னிடம் கண் காட்டவில்லை. அத்தை கையில் லட்டோடு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப ராவுல எதுக்கு புள்ள அக்கா மாத்திரை போடுது?"

நாலு இலை தள்ளி, அம்மாவின் வேலையை மேற்பார்க்கும் கங்காணி அழகையா உட்கார்ந்திருந்தார். ஆசை வந்தால் அம்மா இப்படித்தான் பேசுவாள் என்று சொல்லி, லட்டை உடைத்துப் பாதியை நானே அவள் இலையில் வைத்தேன். அவள் சாப்பிட்டுவிட்டு மற்றப் பாதியையும் கேட்டாள். அத்தை நம்பினாரா, தெரியவில்லை.

மறுநாளே லீவு போடவைத்து அழைத்துப் போனேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எல்லாம் அற்பமாகத் தோன்றியது. அம்மாவைக் காட்டிக்கொடுப்பது போலவும் இருந்தது. இந்தக் கிருமியோடு வருடக்கணக்காக வாழ்பவர்களில் சிலருக்கு மறதி வரலாம், தைராய்டாலும் சத்துக்குறைவாலும் மனச்சோர்வாலும்கூட வரலாம், சோதித்தால்தான் தெரியும் என்றார் அவர். எப்போதிலிருந்து என்று கேட்டார். ஆடியிலிருந்து என்றேன்.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"ஆடி இல்லைங்க. சித்திரையில ஒரு நாளு, கொழுந்து எடை போட்டுட்டுத் திரும்பயில லயத்துக்குப் போற பாதை தெரியல. முப்பது வருசமா நடக்குற பாதைங்க. செடிக்குள்ள உக்காந்துக்கிட்டேன். ஆளுக வந்ததும் பின்னாடியே நடந்து வந்துட்டேன்." என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "இவகிட்ட சொல்லல. படிக்கிற புள்ள."

டாக்டர் சீட்டில் எழுதினார். வியாழக்கிழமை மறுபடி வரவேண்டும், முழு நாளும் ஆகலாம் என்றார். இன்னொரு லீவு. அம்மா மறுப்பாள் என்று காத்திருந்தேன். அவள் சரியென்று தலையசைத்துச் சீட்டை வாங்கிக்கொண்டாள்.