மேனேஜர் மூச்சு விடும்போது

தையல் கம்பெனியில் குழந்தைகள் கோட்டுக்கு அளவு அட்டை வெட்டுகிறவள் நான். அதை வைத்துத்தான் துணி வெட்டுவார்கள், அட்டையில் என் கையெழுத்து இருக்கும். அளவு பிசகினால் என் வேலைதான் போகும். அவசர ஆர்டர் என்று மேனேஜர் துணியைத் துவைத்துப் பார்க்கவே விடவில்லை. மனசு கேட்காமல் ஒரு மாதிரி கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்தேன். கை இரண்டு அங்குலம் சுருங்கிவிட்டது. காலையில் சொன்னதற்கு, "பாத்துக்கலாம்மா" என்று போய்விட்டார்.

ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு அம்மாவோடு மதியம் வீடியோ கால். அவள் சரி என்றால் துணியை வெட்டிவிடுவார்கள்.

முந்தின நாளே நாத்தனாரிடம் புலம்பியிருந்தேன். "அந்த மனுஷன் இங்கிலீஷ்ல வாயத் தொறந்தா மூடறதே இல்லடி."

"அதுக்கே ஒரு சொலவடை இருக்கு அண்ணி. ஐ கான்ட் கெட் எ வேர்ட் இன் எட்ஜ்வைஸ். நீங்க விடாம பேசறீங்க, நடுவுல ஒரு வார்த்தையைப் பக்கவாட்டுல கூடச் செருக முடியலன்னு அர்த்தம்."

குளியலறையில் அதைச் சொல்லிச் சொல்லி வாளிக்கே மனப்பாடமாகியிருக்கும்.

வீடியோ காலில் மேனேஜர் இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். அவர் தண்ணீர் குடித்தபோது வாயைத் திறந்தேன். மனுஷன் விழுங்கும் முன்பே அடுத்த பேச்சைத் தொடங்கிவிட்டார். இடமில்லை என்று சொல்லவும் கொஞ்சம் இடம் வேண்டுமே! அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எண்பது அடுக்குத் துணி விரித்துக் கிடந்தது. கட்டிங் மாஸ்டர் மெஷினோடு மேனேஜரின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது உயர்ந்தால் வெட்டலாம்.

அந்த அம்மா "ஓகே" என்றாள். கட்டைவிரல் எழும்பியது.

"வெட்டாதீங்க!"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இப்போது தாராளமாக இடம் இருந்தது, இங்கிலீஷ்தான் ஒரு எழுத்துகூட வரவில்லை. தமிழிலேயே கொட்டினேன். துவைத்தது, சுருங்கியது, காலையிலேயே சொன்னது, அவர் பாத்துக்கலாம் என்றது, ஒன்று விடவில்லை. கட்டிங் மாஸ்டர் மெஷினைக் கீழே வைத்துவிட்டார்.

என்ன சொல்கிறாள் என்று அந்த அம்மா கேட்டாள்.

"ஸ்மால் டவுட்" என்றார் மேனேஜர்.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். இவ்வளவு நேரம் பேசியது இரண்டே வார்த்தையா என்று அவள் கேட்டது எனக்கே புரிந்தது.

நான் துவைத்த கோட்டைக் கேமரா முன் விரித்து, சுருங்கிய கையின் மேல் டேப்பை வைத்தேன். மேனேஜர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். துணி சுருங்கியதை அவர் சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.