விசிலின் நாடி

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை, அக்காவிடம் சுட்டது. அவள் ஆஸ்பத்திரியில் எக்மோ மெஷின் ஓட்டுகிறவள். இதயம் படுத்துவிட்டால் ரத்தத்தை வெளியே இழுத்து, பிராணவாயு ஏற்றி, திரும்ப உடம்புக்குள் தள்ளுகிற மெஷின். ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "கை சூடா இருக்குடி, நாடி மட்டும் இல்ல. புருஷன் அலறிட்டாரு."

2

முதல் தொடக்கம்: "மௌனக் கடலில் அவள் இதயம் ஓர் ஓடமாக

[அக்கா பேனாவைப் பிடுங்கி அடித்துவிட்டாள். "ஓடமாம்! வைரஸ் காய்ச்சல்ல இதயத் தசை வீங்கிப்போச்சுன்னு எழுது."]

சரி. வீங்கிப்போனது. நாடி இல்லாத அந்தப் பெண் பஸ் கண்டக்டர், முப்பத்திரண்டு வயது. அவள் ஊதினால் அடுத்த தெருவில் போகிற வண்டியும் நின்றுவிடும். அதனால் பெயர் விசில். கணவர் தையல்காரர். துணியில் ஓர் இழை பிசகினாலும் அவர் விரலுக்குத் தெரியும். அந்த விரல்களை அவள் மணிக்கட்டில் வைத்தார். ஒன்றுமே இல்லை.

"ஐயோ, போயிட்டாளா?"

"அண்ணே, கத்தாதீங்க. இதயம் விட்டு விட்டு அடிக்கும், அதான் நாடி. என் பம்பு குழாய்த் தண்ணி மாதிரி விடாம தள்ளும். துடிப்பு தெரியாது. ஆள் இருக்காங்க."

"அப்ப அவ இதயம் சும்மா கிடக்குதா?"

"சும்மா கிடந்தாத்தான் தேவலையே! நான் தள்ளுற ரத்தம் அதோட வாசல்லயே வந்து முட்டுது. எதிர்த்துத் தள்ள அதுக்குத் தெம்பில்ல."

தையல்காரர் யோசித்தார். "பஸ் படியில கூட்டம் அடைச்சுக்கிட்டு நிக்குது. உள்ள இருக்கறவங்க இறங்க முடியல."

"அதேதான்!" பத்து வருஷமாக அக்காவுக்குக் கிடைக்காத உவமை. [எனக்கும் கிடைக்கவில்லை. வயிற்றெரிச்சல்.]

3

இங்கே ஒரு பத்தி கட்டுரை. தாண்டிப் போகாதீர்கள். இந்த மெஷின் காப்பாற்றும், கூடவே வம்பும் இழுக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தால் ஈறில் கசியும். தொடை வழியாகத் தடித்த குழாய் போவதால் பாதம் சில்லிடும். அதற்கென்று தனியாக ஒரு குட்டிக் குழாய். நுரையீரலில் நீர் கோக்கும். சிறுநீரகம் முறைத்துக்கொண்டு வேலைநிறுத்தம் செய்யும்.

மூன்றாம் நாள் அக்கா வெளியே ஓடிவந்து, காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள்: "அண்ணே, ஒன்னுக்கு வந்துடுச்சு!"

"உங்களுக்கா?"

"உங்க வீட்டுக்காரம்மாவுக்கு! பை நிறைய!"

தையல்காரர் சிரித்துக்கொண்டே அழுதார். முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து வந்து கைகுலுக்கினார். நிலாவுக்கு ஆயிரம் கவிதை எழுதினீர்களே, கவிஞர்களே, இதற்கு ஒன்று எழுதினீர்களா?

4

"அவள் செத்தால்தான் இலக்கியம்" என்றார் இதைப் படித்த ஒரு பேராசிரியர். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். எனக்கு முன்னால் மருந்து கிடைக்காமல் செத்தவர்களே போதும், ஐயா. இருந்தாலும் முயன்று பார்த்தேன்: "ஆறாம் நாள், திரையில் கோடு

[கிழித்தாச்சு.]

5

ஐந்தாம் நாள் தையல்காரர் வழக்கம்போல் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மேடம், என்னமோ தட்டுது."

"உங்க விரல் துடிக்கிறதா இருக்கும்ணே."

"இந்த விரலை வச்சுத்தான் சோறு திங்கறேன். எனக்குத் தெரியாதா?"

அக்கா திரையைப் பார்த்தாள். தட்டையாக ஓடிய ரத்த அழுத்தக் கோட்டில் சின்னச் சின்ன மேடுகள். இதயம் மெஷினை எதிர்த்துத் தள்ளத் தொடங்கியிருந்தது.

மறுநாள் பரீட்சை. பம்பைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். மிச்சத்தை இதயம் சுமக்க வேண்டும். சுமக்காவிட்டால் பழையபடி மெஷின்தான். அக்கா சண்டை போட்டுத் தையல்காரரையும் உள்ளே நிறுத்தியிருந்தாள். டாக்டர் ஸ்கேனில் இதயத்தைப் பார்த்தபடி, "குறைங்க" என்றார். நிமிடத்துக்கு நாலு லிட்டர், மூன்று, இரண்டு. தையல்காரரின் விரல்கள் மனைவியின் மணிக்கட்டில். ஒன்று.

"அடிக்குது," என்றார் தையல்காரர். "அடிக்குது மேடம். நல்லாவே அடிக்குது."

6

குழாயெல்லாம் எடுத்தபின் விசில் பேசிய முதல் வார்த்தை அக்காவுக்குத் தெரியும். சொல்ல மாட்டேன் என்கிறாள். "உன் கதைதானே, நீயே எழுது." ஏழு முறை எழுதி அடித்துவிட்டேன். இப்போது உங்கள் தலையில் கட்டுகிறேன்.

விசிலுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கணவர், அக்கா, டாக்டர், நர்சுகள், எட்டிப் பார்க்க வந்த லிஃப்ட்காரர், எல்லோரும் அறை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கண்டக்டர் கண்ணைத் திறந்து அந்தக் கூட்டத்தைப் பார்க்கிறாள். நீங்களும் பஸ்ஸில் போனவர்தானே? நிரப்புங்கள்:

"……………………"